ஐடில் கட்டணத்தை எடுத்துட்டு எங்களை அடிச்சுக்க விட்டுட்டீங்க: ஃபாஸ்ட் சார்ஜர் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எலக்ட்ரிக் காருக்கு ஃபாஸ்ட் சார்ஜிங் நெட்வொர்க் நடத்துற நிர்வாகத்துக்கு,

போன மாசம் உங்க ஆப்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு. சார்ஜ் முடிஞ்ச பிறகும் வண்டியை எடுக்காம விட்டா நிமிஷக் கணக்குல போட்டுட்டு இருந்த ஐடில் கட்டணத்தை இனிமே வாங்க மாட்டீங்களாம், நிறைய பேர் புகார் சொன்னாங்களாம், எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் அனுசரிச்சு நடந்துக்கணுமாம். கூடவே எல்லா மெஷின்லயும் சிரிச்ச முகம் போட்டு ஒரு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் ஒட்டி நாலாவது நாள் ராத்திரி அதே மெஷின் முன்னாடி 11 பர்சென்ட் சார்ஜோட நான் நின்னேன், பின் சீட்ல முட்டி ஆபரேஷன் முடிஞ்சு காலை நீட்டி உக்காந்திருந்த எங்கப்பா.

ரெண்டு கன் (வண்டில மாட்டுற கேபிள் முனை) இருக்கிற மெஷின் அது. முதல் கன் மாட்டியிருந்த வண்டி 96 பர்சென்ட், ஸ்க்ரீன்ல 5 கிலோவாட்னு காட்டுது, வண்டிக்குள்ள ஆள் இல்ல. ரெண்டாவது கன் மாட்டியிருந்த வண்டிக்கு சார்ஜ் முடிஞ்சே போச்சு, ஸ்க்ரீன்ல செஷன் முடிந்ததுன்னு எழுத்து நிக்குது, கன் மட்டும் வண்டியோட பூட்டிக்கிட்டு கிடக்கு, அங்கயும் ஆள் இல்ல. அடுத்த சார்ஜர் 38 கிலோமீட்டர்னு மேப் சொல்லுது, என் வண்டி 31 கிலோமீட்டர்தான் ஓடும்னு சொல்லுது. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் நின்னோம். ஏசி போட்டா இருக்கிறதும் போயிடும்னு கண்ணாடியை இறக்கிவிட்டுட்டு உக்காந்திருந்தோம், அப்பா ஒரு வார்த்தை சொல்லல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

கடைசில ரெண்டாவது வண்டிக்காரர் குடும்பத்தோட வந்தார். நல்ல மனுஷன்தாங்க. என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "சார் ரொம்ப நேரமா நிக்கிறீங்களா, ஆப்ல எனக்கு ஒண்ணுமே வரலையே"ன்னு போனை எடுத்து என்கிட்டயே காட்டினார். உண்மைதான், ஒண்ணும் வரல. முன்னாடி கட்டணம் ஓட ஆரம்பிக்கப் போகுதுன்னு ஒரு மெசேஜ் வரும், அதைப் பார்த்துதான் பாதிப் பேர் எழுந்து ஓடி வருவாங்க. நீங்க கட்டணத்தை எடுத்தப்போ அந்த மெசேஜையும் சேர்த்து எடுத்துட்டீங்க. கட்டணம் போனதைவிட அந்த மெசேஜ் போனதுதான் பெரிய இழப்புன்னு நான் நினைக்கிறேன்.

அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. எலக்ட்ரிக் கார் வாங்கின முதல் மாசம் நானும் இதைத்தான் செஞ்சேன். பெட்ரோல் வண்டில டேங்க் ஃபுல் பண்ணிப் பழகின கை, 100 வர வரைக்கும் விட்டுட்டு நடந்துட்டு வருவேன். பின்னாடி ஒருத்தர் காத்துக்கிட்டு இருந்திருப்பாரான்னு யோசிச்சதே இல்ல, யாரும் சொல்லவும் இல்ல, உங்க மெஷினும் சொல்லல. ஒரு நாள் காத்திருந்த ஒரு அக்கா பொறுமையா, "தம்பி, 80க்கு மேல இந்த மெஷின்ல போடுறது வேஸ்ட்டுப்பா, உங்களுக்கும் நேரம் போகுது எனக்கும் போகுது"ன்னு சொன்னப்போதான் உறைச்சுது. அதுக்கப்புறம் என் வண்டிலயே உக்காந்து குறிச்சு வெச்சேன். 60 கிலோவாட் மெஷின்ல 40 பர்சென்ட்ல இருக்கும்போது 50 கிட்ட இழுக்குது, 80ல 26, 90ல 13, 97ல 5. பத்துல இருந்து எண்பது வர 42 நிமிஷம், எண்பதுல இருந்து நூறு வர கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், ஆனா போக்கு இதுதான். குடம் விளிம்புக்கு வரும்போது குழாயைச் சின்னதா வைக்கிற மாதிரி, பேட்டரிக்குள்ள இருக்கிற செல்லோட வோல்டேஜ் அதோட உச்சத்தைத் தொட்டதும் கரன்ட்டைக் குறைச்சே ஆகணும், இல்லன்னா பேட்டரி கெட்டுப்போகும். வண்டி தன் பேட்டரியைக் காப்பாத்திக்குது, அது சரி, ஆனா அந்த நேரம் பூரா ஒரு ஃபாஸ்ட் சார்ஜரை வீட்டுல மெதுவா ஏறுற சார்ஜர் வேலைக்குப் பிடிச்சு வெச்சிருக்கோம்.

இதுல இன்னொண்ணும் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. உங்க ரெண்டு கன் மெஷின் நிறைய இடத்துல 60 கிலோவாட்டை ரெண்டு வண்டிக்கும் முப்பது முப்பதா பிரிச்சுக் கொடுக்குது. பக்கத்து வண்டி 95ல உக்காந்து 6 கிலோவாட் குடிச்சுக்கிட்டு இருந்தாலும் அதோட பங்கு முப்பது அதுக்குன்னே ஒதுக்கிக் கிடக்கும், எனக்கு முப்பதுக்கு மேல ஏறாது. அவர் வண்டியை எடுத்த அடுத்த நிமிஷம் என் ஸ்க்ரீன்ல நம்பர் குபீர்னு ஏறுறதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ஆக, கடைசி அஞ்சு பர்சென்ட்டுக்காக நிக்கிற ஒருத்தர் வரிசையில நிக்கிறவரை மட்டும் இல்ல, பக்கத்துல சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கிறவரையும் தாமதப்படுத்துறார், அவருக்கே தெரியாம.

இப்போ விஷயத்துக்கு வரேன். நீங்க சொல்ற அனுசரிப்பு எங்ககிட்ட இல்லாம இல்ல. நான் டாஷ்போர்டுல ஒரு அட்டை வெச்சிருக்கேன், 80 வந்ததும் எடுத்துடுவேன், அவசரம்னா கூப்பிடுங்கன்னு எழுதி கீழ நம்பர் போட்டிருக்கேன். இதே மாதிரி வைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா என் தங்கச்சி வைக்க மாட்டேங்கிறா. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆள் இல்லாத இடத்துல தனியா வண்டியை நிறுத்திட்டு, கண்ணாடி வழியா யார் வேணாலும் படிக்கிற மாதிரி என் நம்பரை ஒட்டி வெக்கணுமாண்ணான்னு கேட்டா. என்ன பதில் சொல்றது? அவ கேக்கிறது நியாயம். அவளோட நம்பர் உங்ககிட்ட இருக்கு, உங்க ஆப்ல பதிவு பண்ணித்தானே சார்ஜ் போடுறா. காத்திருக்கிறவன் நம்பரும் உங்ககிட்ட இருக்கு. ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க இருக்கீங்க, ஆனா இல்லாத மாதிரி இருக்கீங்க.

உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்ல முடியாதுங்க. டிசி சார்ஜிங்ல, அதாவது இந்த ஃபாஸ்ட் சார்ஜிங்ல, வண்டி தன்னோட பர்சென்ட் எவ்வளவுன்னு மெஷினுக்குச் சொல்லுது, சிசிஎஸ்னு சொல்ற சார்ஜிங் முறையில வண்டியும் மெஷினும் பேசிக்கிறதுல அது ஒரு பகுதி, அதனாலதான் மெஷின் ஸ்க்ரீன்லயே 96னு வருது. மெஷினும் உங்க சர்வரும் பேசிக்கிறதுக்கு ஓசிபிபின்னு ஒரு பொது விதிமுறை இருக்கே, 2015ல வந்த 1.6 வெர்ஷன்லயே சார்ஜ் ஆகிட்டு இருக்கா, வண்டியே சார்ஜை நிறுத்தி வெச்சிருக்கா, முடிஞ்சும் கன் எடுக்கலையான்னு தனித்தனி நிலை இருக்கு. கன் கழட்டாம எத்தனை நிமிஷம் கிடந்துச்சுன்னு உங்க ஆஃபீஸ்ல ஸ்க்ரீன்ல தெரியும். அந்தக் கணக்கை வெச்சுத்தானே இத்தனை நாள் கட்டணம் போட்டீங்க. தெரிஞ்சுகிட்டே, நீங்களே பேசித் தீத்துக்கோங்கன்னு ஒதுங்குறதைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

பேசித் தீத்துக்கிறது எப்படி இருக்கும்னு சொல்றேன், நான் கண்ணால பார்த்தது. என் வண்டி 34ல ஏறிக்கிட்டு இருக்கு, பக்கத்துல ஒரு வண்டி 98ல நிக்குது, ஓனர் இல்ல. மூணாவதா வந்தவர் இருபது நிமிஷம் ஹார்ன் அடிச்சுப் பார்த்தார், அங்கயும் இங்கயும் நடந்து தேடினார், அப்புறம் அந்தக் கன்னைப் பிடிச்சு இழுத்தார். வரல. வராது, சிசிஎஸ்2ன்னு சொல்ற இந்த வகைக் கன்ல வண்டி சாக்கெட்டுக்குள்ள ஒரு பின் வந்து கன்னைப் பூட்டிடும், செஷன் ஓடும்போது கழண்டா ஆபத்துன்னுதான் அப்படி வெச்சிருக்காங்க, ஓனர் அன்லாக் பண்ணாதான் விடும். அவருக்கு ஆத்திரம், நேரா போய் அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை ஓங்கி ஒரு அழுத்து அழுத்திட்டார். டப்னு உள்ள கரன்ட்டைத் துண்டிக்கிற கான்டாக்டர் விழுற சத்தம், ஃபேன் நின்னுச்சு, ஸ்க்ரீன் பூரா சிவப்பு. என் சார்ஜும் போச்சு, அந்த வண்டியோட சார்ஜும் போச்சு. கன் மட்டும் அப்பவும் பூட்டியேதான் இருந்துச்சு.

ஹெல்ப்லைனுக்கு அடிக்கலாம்னு பார்த்தா மெஷின்ல ஒட்டியிருந்த நம்பர் வெயில் பட்டு வெளுத்துப்போய் கடைசி மூணு எண் தெரியல. ஆப்ல சாட் போனா தானியங்கி பதில், உங்கள் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கவும்னு ஆறு வரி, அதுல இந்தப் பிரச்சினை இல்ல. பழைய பில் மெயில்ல தேடி நம்பர் எடுத்துப் பேசி ஆள் கிடைக்கவே அம்பது நிமிஷம். கிடைச்ச பையன் நல்லபடியா சொன்னான், அந்தச் சிவப்புக் குமிழைக் கடிகாரம் சுத்துற பக்கமா திருப்புங்க சார், வெளிய வரும், நான் இங்கிருந்து ரீசெட் கொடுக்கிறேன்னான். மூணு நிமிஷ வேலை. அதுக்குள்ள 98 வண்டிக்காரர் வந்து, பட்டனை அழுத்தினவரோட சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போயிடுச்சு. நடுவுல நான் புகுந்து விலக்கினேன். ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுக்குப் போகணும்னு வந்த சாதாரண மனுஷங்க. யார் தப்புன்னு இப்போ கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியல, ஆனா அந்த இடத்துல இருந்திருக்க வேண்டிய மூணாவது ஆள் நீங்கதான்னு மட்டும் தெரியும்.

வரிசை விஷயமும் அப்படித்தான். பெட்ரோல் பங்க்ல வண்டி ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்கும், பார்த்தாலே தெரியும். சார்ஜர்ல வண்டி நிறுத்துற இடம், அதான் பே, நாலும் நாலு பக்கம் பார்த்திருக்கும், காத்திருக்கிறவங்க எங்க இடம் கிடைக்குதோ அங்க ஒதுங்கி நிப்பாங்க, ஒரு கன் காலியானா யார் முதல்ல வந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. அரை மணி நேரமா நிக்கிறவங்களைக் கவனிக்காம இப்போ வந்தவர் நேரா உள்ள விடுவார். வேணும்னு செய்யல, வரிசைன்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே அவர் நிப்பார்? தரையில ஒரு கோடு கூட நீங்க போடல.

பெட்ரோல் வண்டியைக் கொண்டுவந்து சார்ஜிங் பேல நிறுத்துறவங்களைப் பத்தி நான் பெருசா எழுதப் போறதில்ல, எல்லாரும் எழுதிட்டாங்க. ஆனா கன்னைத் தரையில போட்டுட்டுப் போறதைப் பத்திச் சொல்லியாகணும், அது எங்க ஆளுங்க செய்யிறது. போன மழையில ஒரு கன் தண்ணிக்குள்ள முகம் கவுந்து கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தேன், கீழ இருக்கிற ரெண்டு பெரிய டிசி பின் ஓட்டையிலயும் சேறு, ஓரத்துல பிளாஸ்டிக் உடைஞ்சு பல்லு மாதிரி நிக்குது, கேபிள் மேல டயர் ஏறின தடம். அதைத் துடைச்சு மாட்ட எனக்குத் தைரியம் வரல. கேபிள் கனம்தான், ஒத்துக்கிறேன், அதிலயும் பெரிய மெஷின்ல உள்ள கூலன்ட் ஓடுற கேபிள் இன்னும் மோசம், வயசானவங்களுக்கும் கை வலி இருக்கிறவங்களுக்கும் தூக்கித் திரும்ப மாட்டுறது பாடுதான். அதுக்காகத்தான் மேல ஒரு ஸ்பிரிங் கை வெச்சுக் கேபிளைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி சில மெஷின்ல பண்றாங்க. உங்க மெஷின்ல கன் வைக்கிற ஹோல்ஸ்டரே உடைஞ்சு தொங்குது, மாட்டலாம்னு நினைக்கிறவன்கூட எங்க மாட்டுவான்?

நீங்க சொல்ற காரணம் எனக்குப் புரியாம இல்ல. கட்டணம் அநியாயமா விழுதுன்னு புகார் வந்தது நிஜம். ஸ்டேஷன் பூரா காலியா இருக்கும்போதும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஐடில் கட்டணம் போட்டா கோபம் வரத்தான் செய்யும். ஆனா அதுக்கு வைத்தியம் கட்டணத்தையே எடுக்கிறது இல்லங்க. டெஸ்லா 2016 டிசம்பர்லயே இந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்துச்சு, முடிஞ்ச அஞ்சு நிமிஷத்துக்குள்ள எடுத்துட்டா ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லித்தான் கொண்டுவந்தாங்க. அப்புறம் ஸ்டேஷன் பாதியாவது நிரம்பியிருந்தாத்தான் கட்டணம், முழுசா நிரம்பியிருந்தா ரெண்டு மடங்குன்னு மாத்தினாங்க. அமெரிக்காவுல இன்னொரு பெரிய நெட்வொர்க், எலக்ட்ரிஃபை அமெரிக்கா, 2024ல கலிஃபோர்னியால கூட்டம் அதிகமா இருக்கிற பத்து ஸ்டேஷன்ல 85 பர்சென்ட் வந்ததும் சார்ஜை நிறுத்திப் பார்த்துச்சு. எல்லா ஸ்டேஷன்லயும் இல்ல, கூட்டம் இருக்கிற இடத்துல மட்டும். ஆக, ஆள் காத்திருந்தா ஒரு விதி, காலியா இருந்தா ஒரு விதின்னு வைக்க முடியும், வெச்சும் பார்த்திருக்காங்க.

80ல எல்லாரையும் கண்ணை மூடிட்டுத் துரத்துங்கன்னும் நான் கேக்கல. அடுத்த சார்ஜர் ரொம்ப தூரத்துல இருக்கிற பாதையில போறவருக்கு 95 வேணும்னா வேணும்தான், அவர் என்ன பண்ணுவார். எல்எஃப்பின்னு ஒரு வகை பேட்டரி வெச்சிருக்கிறவங்க, கம்பெனிக்காரனே அப்பப்போ 100 போடச் சொல்லியிருக்கான்னு சொல்றாங்க, அது உண்மை, பர்சென்ட் கணக்கு சரியா காட்டணும்னா அது தேவை. ஆனா அதை வீட்டுல ராத்திரி மெதுவா ஏறுற சார்ஜர்ல போட்டுக்கலாமே, பின்னாடி நாலு வண்டி நிக்கும்போது இங்க எதுக்கு? அந்த வித்தியாசத்தை உங்க ஆப் ரெண்டு வரில சொல்லிக் கொடுத்தா முக்கால்வாசிப் பேர் கேட்டுப்பாங்க. அந்த அக்கா சொன்ன ஒரு வரியை நான் கேட்டுக்கிட்டேனே.

அதனால கேக்கிறேன். ஐடில் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவாங்க, ஸ்டேஷன்ல வேற கன் காலியா இல்லாதப்போ மட்டும், முடிஞ்சு பத்து நிமிஷம் அவகாசம் கொடுத்து. மாட்டுறதுக்கு முன்னாடியே மெஷின் ஸ்க்ரீன்ல அதைப் பெருசா காட்டுங்க, பில் வந்த பிறகு தெரியிற மாதிரி வைக்காதீங்க. கட்டணம் வேண்டவே வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தாலும் அந்த மெசேஜை நாளைக்கே திருப்பிக் கொடுங்க: 80 வந்தப்போ ஒண்ணு, முடிஞ்சப்போ ஒண்ணு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு ஃபோன் கால்.

ஆப்ல காத்திருக்கேன்னு ஒரு பட்டன் வைங்க. ஸ்டேஷனுக்கு வந்து சேந்தவங்க அதை அழுத்தட்டும், மெஷின்ல இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினாத்தான் ஏத்துக்கும்னு வெச்சா வீட்டுல இருந்தே இடம் பிடிக்க முடியாது. யார் முதல்ல வந்தாங்கன்னு அதுவே வரிசை ஆயிடும், சார்ஜ் போட்டுட்டு இருக்கிறவருக்கு ரெண்டு பேர் காத்திருக்காங்கன்னு தகவல் போயிடும், யார் நம்பரும் யாருக்கும் தெரிய வேண்டியதில்ல. என் தங்கச்சி அட்டை எழுதி ஒட்ட வேண்டியதில்ல.

எமர்ஜென்சி பட்டன் மேல, இதை அழுத்தினா கன் கழண்டு வராது, எல்லார் சார்ஜும் நின்னுடும், உயிராபத்துக்கு மட்டும்னு தெளிவா எழுதி ஒட்டுங்க, மேல தூக்கித் திறக்கிற மாதிரி ஒரு மூடி போட விதி இடம் கொடுத்தா அதையும் போடுங்க. உடைஞ்ச ஹோல்ஸ்டரை மாத்துங்க. தரையில வரிசைக் கோடு போடுங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு பேயாவது கதவை முழுசா திறந்து இறங்குற அளவுக்கு அகலமா விடுங்க, எங்கப்பா அன்னைக்கு இறங்கவே முடியாம உள்ளயேதான் உக்காந்திருந்தார்.

ஹெல்ப்லைன்ல 24 மணி நேரமும் மனுஷன் எடுக்கணும். பிரிட்டன்ல 2023ல போட்ட பொது சார்ஜர் விதியில இது கட்டாயம், அதுவும் இலவச நம்பரா இருக்கணும்னு சொல்லியிருக்காங்க, அதனால நடக்க முடியாததைக் கேக்கல. இதுல எதெது எப்போ நடக்கும்னு தேதி போட்டு, அந்த ஐடில் கட்டண அறிவிப்பைப் போட்ட அதே இடத்துல பதில் போடுங்க. மத்ததுக்கெல்லாம் மீட்டிங் போடணும், சாஃப்ட்வேர் மாத்தணும்னு நாள் ஆகும்னு தெரியும். வெளுத்துப்போன அந்த நம்பர் ஸ்டிக்கரை மாத்த எந்த மீட்டிங்கும் வேண்டாம், இந்த வாரமே ஒரு ஆளை அனுப்பி அந்தச் சிரிச்ச முகத்துக்குப் பக்கத்துல புதுசா ஒட்டச் சொல்லுங்க.

இப்படிக்கு,
வாரா வாரம் உங்க மெஷின்ல சார்ஜ் போடுற ஒருத்தன்